கோடைக்கும் உதவாது, மாரிக்கும் உதவாது

தரம் ஒன்று பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்களோடு வந்து பார்க்கலாம். மெபெண்டசோல் 500 மில்லிகிராம், ஒரேயொரு குளிசை, சப்பித் தின்றால் சரி. ஆனால் சப்புகிற மாதிரி வாயை ஆட்டிவிட்டு, குளிசையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, குழாயடிக்குப் போய்த் துப்பிவிட்டு வருகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. "ஆ காட்டு மனே" என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் பிள்ளை முகத்தைச் சுளித்தால் வரிசை முழுக்கச் சுளிக்கும். அதனால் வகுப்பில் வாயாடியாக ஒன்றைப் பார்த்து முன்னுக்கு நிறுத்துவோம். அது சிரித்துக்கொண்டு தின்றுவிட்டால் மற்றவை தானாக நடக்கும்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகன், சுருக்கமாக பி.எச்.ஐ. என் சேவைக்காலத்தில் கூடுதலான பகுதி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் போனது. 2014 இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முன், சுற்றிப் போக மனமில்லையென்றால், மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்பது இங்கே ஆளையும் வண்டியையும் மாட்டையும் சேர்த்து ஏற்றுகிற மிதவை. அதில் நின்றபடியே அரைவாசி ஊர்ச் செய்தியைக் கேட்டுவிடலாம். பாலம் வந்த பிறகு பயணம் சுருங்கியது, செய்தியும் சுருங்கிவிட்டது.

ஊருக்குள் என்னைக் கண்டால் பெண்கள் ஓடிப்போய் முதலில் செய்வது பூச்சாடித் தண்ணீரையும் சிரட்டையையும் கவிழ்ப்பது. பி.எச்.ஐ. வந்தால் டெங்குக்குத்தான் என்று ஆகிவிட்டது. அதிலே பிழை சொல்ல ஒன்றுமில்லை. டெங்கு ஆளைக் கொல்லும், பத்திரிகையில் வரும், மேலிடத்திலிருந்து நாளுக்கு மூன்று தரம் தொலைபேசி வரும். வயிற்றுப் பூச்சிக்கு அப்படி யாரும் தொலைபேசி எடுப்பதில்லை. பிள்ளை மெலியும், முகம் வெளிறும், இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலையைச் சாய்க்கும். ஆசிரியர் "சோம்பேறி" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இத்தனைக்கும் எங்கள் உத்தியோகம் பூச்சியோடு கூடப் பிறந்தது. 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளை நிதியோடு இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு ஆரம்பமானது. தொழிலாளர் இரத்தம் வற்றி நிலத்தில் குந்திவிட்டால் துரைமாருக்கு நட்டம். அந்த நட்டக் கணக்கில் வந்த அக்கறை அது. மருந்து கொடுத்தார்கள், ஆட்கள் தேறினார்கள், சில மாதங்களில் புழு திரும்பவும் ஏறியது. தொழிலாளர் லயத்துக்கு மலசலகூடம் கட்ட தோட்டங்கள் காசைக் கையால் எடுக்கவில்லை. மருந்து மட்டும் போதாது, ஒரு பிரதேசத்தின் தண்ணீர், கழிவு, தாய், பிள்ளை எல்லாவற்றையும் ஒரே அலுவலகம் பார்க்க வேண்டும் என்ற யோசனை அதிலிருந்துதான் வலுத்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. நூறு வருடம் கழித்து நானும் அதே இரண்டு விசயத்தோடுதான் அலைகிறேன், பூச்சிக் குளிசையும் மலசலகூடக் குழியும்.

குளிசைப் பக்கம் நாங்கள் நன்றாகவே செய்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். 2003 இல் நாடளாவிய கணக்கெடுப்பில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறக்குறைய 7 சதவீதத்தினருக்கு மண்ணால் பரவும் குடற்புழு இருந்தது. 2017 இல் மீண்டும் பார்த்தபோது அது 1 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே வந்திருந்தது. தேயிலைத் தோட்டங்களில் மட்டும் அப்போதும் 9 சதவீதம். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் குளிசை, அதற்கு முந்திய வயதில் கிளினிக்கில் பாணி மருந்து, கர்ப்பிணித் தாய்மாருக்கு முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு ஒரு தரம் என்று வருடக்கணக்காக விடாமல் செய்ததன் பலன் அது. இந்தப் புள்ளிவிவரத்தைக் கூட்டங்களில் காட்டும்போது எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். எனக்கும் சந்தோசம்தான்.

ஆனால் அடுத்த நாள் ஊருக்குள் போனால் பத்துத் தாய்மாரில் நாலைந்து பேர் "சேர், புள்ளைக்குப் பூச்சி" என்கிறார்கள். ஒரு சதவீதம் எங்கே, இது எங்கே?

இதில் இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அந்தக் கணக்கெடுப்பு தேடியது வட்டப்புழு, சாட்டைப்புழு, கொளுக்கிப்புழு மூன்றையும். மலத்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் முட்டையை எண்ணுகிற முறை அது. ஊரில் தாய்மார் அன்றாடம் காண்பது பெரும்பாலும் கீரிப்பூச்சி. வெள்ளை நூல்துண்டு மாதிரி, ஒரு சென்ரிமீற்றர் வருமோ வராதோ. அதன் பெண்புழு பிள்ளை உறங்கிய பிறகு ஆசனவாய்க்கு வெளியே இறங்கி வந்து தோலில் முட்டை இடும். மலத்தில் முட்டை பெரிதாக அகப்படாது. பிள்ளை இரவில் சொறியும், நகத்துக்குள் முட்டை ஏறும், விரல் வாய்க்குப் போகும். சில மணித்தியாலத்திலேயே முட்டை தொற்றுகிற பருவத்துக்கு வந்துவிடுவதால் காலையில் பாயை உதறும்போதே அடுத்த ஆளுக்குத் தயார். மற்ற மூன்று புழுக்களுக்கும் மண் வேண்டும், இதற்குத் தேவையில்லை.

இதைப் பார்க்க எளிய வழி செலோடேப். விடிய எழும்பியதும், கழுவுவதற்கு முன், ஒட்டுகிற பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தி எடுத்து கண்ணாடித் தட்டில் ஒட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் முட்டை அப்படியே தெரியும். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரும் (ஊரில் "மிஸ்" என்பார்கள்) நானும் இதைச் சில வீடுகளில் செய்து பார்க்கப் போனோம். ஒரு வீட்டில் அம்மம்மா வாசலில் மறித்துக்கொண்டார். "படிச்ச புள்ளையள் ரெண்டு பேர், விடியச்சாமத்தில புள்ளட குண்டியில டேப் ஒட்ட வந்திருக்கிறாங்க. இதுக்கும் அரசாங்கம் சம்பளம் குடுக்குதா?" என்றார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நான் சைக்கிளைப் பார்க்கிற மாதிரி அங்காலே திரும்பிவிட்டேன். கடைசியில் டேப் ஒட்டினது அம்மம்மாவேதான், நாங்கள் ஒட்டுகிற விதம் சரியில்லையாம். முட்டை இருந்தது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் வீண். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டு கிழமை கழித்து மறுபடியும் கொடுத்து, பாய், தலையணை உறை, உள்ளாடையெல்லாம் சுடுநீரில் தோய்த்து, நகம் வெட்டினால்தான் போகும். பாடசாலையில் எப்போதாவது ஒரு தரம் கொடுக்கிற குளிசை இந்த ஆளை அசைக்காது.

அந்தத் தலைமுறை ஆட்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. முன்பெல்லாம் பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஆமணக்கெண்ணெய் பருக்கி, பேதியாக்கி, மத்தியானம் ரசச்சோறு கொடுப்பார்கள். வயிறு வெளுத்த மாதிரி இருக்கும். இப்போது நாங்கள் கொடுக்கும் குளிசையில் ஒன்றும் வெளியே வந்து விழுவதில்லை, ஆகவே வேலை செய்யவில்லை என்பார்கள். மெபெண்டசோல் புழுவைப் பட்டினி போட்டுக் கொல்கிறது, செத்தது செமித்தே போய்விடும் என்று சொன்னால் நம்பிக்கை இல்லாமல் பார்ப்பார்கள். கண்ணால் கண்டால்தான் மருந்து.

சரி, குளிசையை விடுவோம். குழிக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

இலங்கையில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மலசலகூடம் இருக்கிறது. போர் முடிந்த பிறகும், 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகும் எங்கள் பக்கம் ஏராளமாகக் கட்டினார்கள். படிவத்தில் மலசலகூடம் "உண்டு / இல்லை" என்று ஒரு நிரல் இருக்கும். நாங்களும் கதவைக் கண்டால் "உண்டு" என்று சரி போட்டுவிட்டுப் போகலாம். கதவைத் திறந்து பார்த்தால்தான் விசயம். உரமூட்டை, விறகு, மழைக்கு ஒதுக்கி வைத்த சைக்கிள், அடைக்கோழி. ஒரு வீட்டில் பூட்டுப் போட்டிருந்தது. திறப்பு எங்கே என்று கேட்டேன். "விருந்தாளி வந்தா எடுப்பம் சேர்" என்றார் வீட்டுக்காரர், அதில் ஒரு பெருமையும் இருந்தது.

இதைக் கண்டு "சனங்களுக்கு அறிவில்லை, விழிப்புணர்வு கொடுக்க வேண்டும்" என்று அறிக்கை எழுதுகிறவர்களோடு எனக்கு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணி மாதத்தில் படுவான்கரையின் மேற்குப் புறக் கிராமங்களில் ஒரு வீட்டில் அரை நாள் நின்று பாருங்கள். கிணற்றில் அடித்தண்ணீர் கலங்கலாகக் கிடக்கும். குளத்துக்குப் போய், இறங்கிய கரையில் பூவல் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு, கலனில் நிரப்பி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். பவுசர் (தாங்கி வண்டி) தண்ணீர் வருகிற நாளில் வரும். இப்படி ஒரு வீட்டுப் பெண்ணிடம், ஏன் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. திண்ணையில் இருந்த இரண்டு கலனையும் காட்டினார். "இது இருவது லீற்றர், இதும் இருவது. அஞ்சு பேர் சேர். ஆளுக்கு ஒருக்காப் போனாலும், அரை வாளி ஊத்தாட்டிப் போகாது. ரெண்டர வாளி. ஒரு கலன் முடிஞ்சு மற்றதிலயும் கைவைக்கணும். அப்ப சோறு எதில ஆக்குற?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கணக்கில் பிழை இல்லை. நீரடைப்பு மலசலகூடக் கோப்பை சரியான சரிவோடு இருந்தால் இரண்டு மூன்று லீற்றரில் போகும். அங்கே வைத்திருந்தது விலை குறைந்த, சரிவில்லாத கோப்பை, குழாயும் நீளம். அரை வாளி ஊற்றினால்தான் இறங்கும். கட்டித் தந்த நிறுவனம் ஒரு பெயர்ப்பலகையும் வைத்துவிட்டுப் போயிருந்தது. கோப்பையின் சரிவைப் பற்றி அந்தப் பலகையில் ஒன்றும் எழுதவில்லை.

இது கோடை. மாரியில் கதை நேர்மாறு. எங்கள் மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். வயலை ஒட்டிய களிமண் நிலத்தில் குழியைச் சுற்றி நீர் உறிஞ்ச இடமில்லை, நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழி நிறைந்து, ஊற்றுகிற தண்ணீர் கோப்பையிலேயே நிற்கும். சில வீடுகளில் உள்ளே இருந்தது வெளியே மிதக்கும். வெள்ளம் வந்து வடிந்த பிறகு நாங்கள் குளோரின் தூளோடு கிணறு கிணறாகப் போவோம். பற்றீரியாவுக்கு அது நல்லது. வட்டப்புழு முட்டைக்கு அந்த அளவுக் குளோரின் தலைவலிகூடத் தராது. கொதித்தாறிய நீர்தான் ஒரே வழி என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவோம், வெள்ளம் வடிந்த வீட்டில் விறகு ஈரமாகக் கிடக்கும்.

ஆக, கோடையில் தண்ணீர் இல்லாமல் கதவு பூட்டு, மாரியில் தண்ணீர் கூடிக் கதவு பூட்டு. இடையில் கிடைக்கிற மாதங்களுக்குத்தான் அந்தக் கட்டடம். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், பூச்சியைப் பொறுத்தவரை மாரிதான் என்பேன். கோடை வெயிலில் காய்கிற வெட்டை நிலத்தில் கொளுக்கிப்புழுவின் குடம்பி, அதாவது இளம்புழு, தாக்குப்பிடிக்காது. ஈர மண்ணும் மரநிழலும் கிடைத்தால் அது கிழமைக் கணக்கில் உயிரோடு இருந்து, செருப்பில்லாத பாதத்தைத் துளைத்து ஏறும். வட்டப்புழுவின் ஒரு பெண் நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அரை மைலுக்குத் தண்ணீர் தேங்கி, கோழியும் நாயும் பிள்ளையும் ஒரே மேட்டில் ஒதுங்கி நிற்கிற தை மாதத்தில் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பாடசாலைக் குளிசை எங்கள் பகுதியில் மழையைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை, வைத்தியர் ஓய்வாக இருக்கிற நாளைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. மாரி ஓய்ந்த பின் மாசி, பங்குனியில் கொடுத்தால் கூடுதல் பலன் என்பது என் எண்ணம். கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், குறிப்பில் பதிந்தும் இருக்கிறார்கள்.

பெரியவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை. மலசலகூடம் நன்றாக இயங்குகிற வீட்டில்கூடச் சின்னப்பிள்ளை அதற்குள் போவதில்லை. இருட்டு, குழிக்குப் பயம், கோப்பையின் அகலத்துக்குக் காலை விரிக்க முடியாது. முற்றத்து ஓரத்தில் குந்தும். தாய் மண்வெட்டியாலோ சிரட்டையாலோ மண்ணோடு வழித்து வேலி ஓரம் வாழைக்குள் எறிவார். "பால்குடிப் புள்ளட பீயில என்ன கிடக்கு" என்பது பொதுவான நம்பிக்கை. எங்கள் பெண்கள் முற்றம் கூட்டுகிற அழகை யாரும் குறை சொல்ல முடியாது, விடிய எழும்பி ஈர்க்கு விளக்குமாற்றின் வரி தெரியக் கூட்டுவார்கள். கூட்டியது போய்ச் சேருகிற இடம் அதே வேலியோரம். கோழி கிளறி அதை மறுபடியும் முற்றத்துக்குக் கொண்டுவரும். தவழுகிற பிள்ளை அந்த மண்ணில் கைவைத்து, கையை வாயில் வைக்கும். வட்டப்புழு முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்து முதிர வேண்டும். அன்றைக்கே வழித்துக் குழிக்குள் போட்டால் கதை அத்தோடு முடிந்தது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஒடிசாவில் பூரி மாவட்டத்தின் நூறு கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 2014 இல் வெளிவந்தது. மலசலகூடம் கட்டிக் கொடுத்த கிராமங்களில் அது உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. சின்னச் சாதனை இல்லை. ஆனால் பிள்ளைகளின் வயிற்றோட்டமும் குறையவில்லை, புழுவும் குறையவில்லை. கட்டியதைப் பலர் பாவிக்கவில்லை, சின்னப்பிள்ளையின் மலம் பழையபடி வெளியேதான் போனது. அதை வாசித்த பிறகு என் குறிப்புப் புத்தகத்தில் மலசலகூடம் உண்டா என்ற கேள்விக்குக் கீழே இன்னொன்றை எழுதிக்கொண்டேன்: கடைசிப் பிள்ளை இன்று காலையில் எங்கே வெளிக்கு இருந்தது, அந்த மலத்தை யார் எடுத்து எங்கே போட்டது? படிவத்தில் இதற்கு இடமில்லை. கேட்டால் தாய்மார் வெட்கப்படாமல் சொல்லிவிடுவார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆண்களிடம் கேட்டால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

சில வீடுகளில் பழைய பிளாஸ்டிக் பேசினின் விளிம்பைச் சீராக வெட்டிப் பிள்ளைக்குச் சட்டியாக வைத்துக் கொடுத்தோம். பாவித்தார்கள். செலவில்லாத காரியம், ஆகவே எந்தத் திட்ட முன்மொழிவிலும் ஏறாது.

எல்லா வயிற்றுக் கோளாறையும் பூச்சியின் தலையில் கட்டிவிடுவதும் ஆபத்து. நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்று, வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு மாதக்கணக்காக மேலே ஏறவில்லை. வயிறு உப்பல், மலம் கொழுப்புப் படர்ந்து நாற்றம், சாப்பிட்டால் போய்விடும். தாய் கடையில் பூச்சி மருந்து வாங்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார். பலகாரக் கடையில் மிட்டாய் வாங்குகிற மாதிரி அந்த மருந்தை யாரும் வாங்கலாம். மிஸ்தான் விடாப்பிடியாக நின்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆய்வுகூடத்தில் ஜியார்டியா என்று வந்தது. அது புழுவே இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கலச் சீவன், தண்ணீரோடு வரும். ஒரு குளிசை மெபெண்டசோலுக்கு அது அசையாது. மெட்ரோனிடசோல் கொடுத்துத் தேற்றினார்கள். அவர்கள் குடித்துக்கொண்டிருந்தது பூவல் தண்ணீர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், மணல் வடித்துத் தருகிற தண்ணீரென்று ஊரில் பெரிய மதிப்பு. ஆனால் அதே கரையில் மாடு படுக்கிறது, மாடு மேய்க்கிறவர் ஒதுங்குகிறார். பூவலைச் சுற்றி வேலி போட்டு, மொள்ளுவதற்கு ஒரே ஒரு கோப்பையை மரத்தில் கட்டித் தொங்கவிடச் சொன்னோம். வேலி நின்றது, கோப்பை காணாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வெளியே உள்ள நாட்களை நாங்கள் எவரும் எண்ணுவதில்லை. வெள்ளாமை காவலுக்கும் அறுவடைக்கும் குடும்பமாக வாடியில் போய்த் தங்குவார்கள், சேனைப் பயிர்ச்செய்கைக்குப் போவார்கள், செங்கல் அறுக்கிற இடங்களில் மாதக்கணக்காகக் குடிசை போட்டு இருப்பார்கள். பிள்ளைகளும் கூடவே. அங்கே மலசலகூடம் கட்டுவது யார் பொறுப்பு? நிலம் ஒருவருடையது, குத்தகை இன்னொருவர், கூலி வேறொருவர். வயல் சொந்தக்காரரான போடியார் ஒருவரிடம் கேட்டேன். "நம்மட வயலுக்க கக்கூசா?" என்று சிரித்தார். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு குழியும் தகரமும் போட ஒத்துக்கொண்டார், வேலைக்காரப் பெண்கள் அங்கேயே ஒதுங்கினால் நேரம் மிச்சமாகும் என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்துவிட்டது.

பாடசாலைகளைப் பற்றி விரிவாக எழுதினால் கோபம்தான் வரும். ஒரு பாடசாலையில் மாணவிகளின் மலசலகூடத் திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. பாவித்தால் ஊத்தையாகிவிடும் என்பது காரணம். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியிருந்தார்கள். சவர்க்காரம் வைத்தால் களவு போகும் என்றார்கள், அதுவும் உண்மை. வலைப்பையில் துண்டுச் சவர்க்காரங்களைப் போட்டுக் குழாயோடு முடிந்து வைத்ததில் கொஞ்சக் காலம் நின்றது.

மாரிக்குத் தாங்குகிற மலசலகூடம் என்பது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. மேடை போட்டு, கடந்த வெள்ளத்தின் தடம் சுவரில் எங்கே தெரிகிறதோ அதற்கு மேலே கோப்பை இருக்கும்படி கட்ட வேண்டும். குழிக்குச் சீமெந்து வளையம் இறக்கி, மேல் வளையத்தை நிலமட்டத்துக்கு மேலே தூக்கி, மூட்டுகளைப் பூச வேண்டும். கிணற்றிலிருந்து 15 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். சரிவான கோப்பை வைக்க வேண்டும், கோடைக்கும் அதுவே பதில். படி ஏற வேண்டும் என்பதால் கிழவிகள் திட்டுவார்கள், அதற்குக் கைபிடிக்க ஒரு கம்பு. செலவு கொஞ்சம் கூடும். கூடுகிற அந்தக் காசுக்காகத்தான் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று திட்டக்காரர்கள் பின்வாங்குகிறார்கள். பத்து மலசலகூடத்துக்கான காசில் ஏழு கட்டினால் அறிக்கையில் மூன்று குறைகிறது. வெள்ளத்தில் பாவிக்க முடிகிற ஏழு என்பதற்கு அறிக்கையில் நிரல் இல்லை.

இருக்கிற பழைய குழிகளுக்கு என்ன செய்வது என்பதுதான் இந்த வருட வேலை. நிறைந்த குழியை மாரிக்கு முன் காலி செய்தால் டிசம்பரில் அதற்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். அதற்குக் குழிக்கழிவை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசர் வர வேண்டும். மழை தொடங்கினால் குளக்கட்டு வீதியில் பவுசர் புதையும், ஆகவே செப்டெம்பருக்குள் வந்தாக வேண்டும். குழி நிறைந்து கூப்பிடுகிறவர்களுக்குத்தான் பவுசர் என்பது பிரதேச சபையின் வழக்கம், அந்தக் கூப்பாடு வருகிறபோது வீதி வெள்ளத்தில் இருக்கும். பவுசர் எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பது வேறொரு கட்டுரைக்கான விசயம், அதை எழுதினால் எனக்கு இடமாற்றம் வரும்.

தனி வீட்டுக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகளை ஒரே நாளில் முடித்தால் பவுசருக்கு ஓட்டம் மிச்சம், கட்டணத்தையும் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிராம சேவகர் வீட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதர் சங்கம் காசை இரண்டு தவணையாகச் சேர்த்துக் கட்டுவதாகச் சொல்கிறது. கலன் கணக்குச் சொன்ன பெண்தான் இப்போது அதன் பொருளாளர். முதல் தவணைக்குப் பற்றுச்சீட்டு வேண்டும், வெறும் வாய்ப்பேச்சுக்குக் காசு தரமாட்டோம் என்று சபைக்குச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அடுத்த அமர்வில் எடுப்பதாகப் பதில் வந்திருக்கிறது.